எலும்பு கூடுமுன் வந்த இரண்டரை லட்சம்: குமரியில் ஒரு நேரடிச் சமரசம், நிகழ்வு ஆய்வு

விபத்து நடந்து 19-ம் நாள். குலசேகரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார் 38 வயது ரப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி. மோதிய டெம்போவின் காப்பீட்டு நிறுவனம் அனுப்பியதாகச் சொல்லி ஒருவர் கோப்போடு வருகிறார். "அண்ணே, கோர்ட்டு கேஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுக்கும். யார் மேல தப்புன்னே நாங்க கேக்க மாட்டோம். சட்டத்துல உள்ள தொகை, ரெண்டரை லட்சம். ஒப்புக்கிட்டா சீக்கிரமே கணக்குல வந்துரும்."

அவர் பேச்சில் பொய் என்று எதையும் எடுத்துக்காட்ட முடியாது. இரண்டரை லட்சம் சட்டத்தில் இருக்கிறது. தவறு யாருடையது என்று பார்க்க வேண்டாம் என்பதும் இருக்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்டதில் இன்னும் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்தது.

இது ஒரு தனி மனிதரின் வழக்குக் கட்டு அல்ல. மாவட்டத்தில் வழக்கமாக வரும் கோப்புகளின் கூறுகளைச் சேர்த்து அமைத்த மாதிரி நிகழ்வு. ரூபாய்க் கணக்கு, கணக்கிடும் முறையைக் காட்டுவதற்காக. சட்டப் பிரிவுகள், தீர்ப்புகள், காலக்கெடுக்கள் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

விபத்தும் முதல் இரண்டு நாளும்

விடிவதற்கு முன்பு நாலே முக்கால் மணி. ரப்பர் மரத்தில் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓட்டம் நன்றாக இருக்கும். அதனால் வெட்டுக்காரர்கள் சாலையில் இறங்குவது எப்போதும் இருட்டில்தான். திருவட்டாறு - குலசேகரம் சாலையின் ஒரு வளைவில், கடற்கரையிலிருந்து மீன் ஏற்றி வந்த டெம்போ முன்னால் போன வண்டியை முந்தி வலப்பக்கம் ஏறி இவருடைய பைக்கில் மோதியது. வலது முழங்காலுக்குக் கீழே, காலெலும்பின் மேல்முனை மூட்டுக்குள்ளேயே உடைந்தது.

தூக்கிக்கொண்டு போனவர் வழியில் வந்த ஆட்டோக்காரர். மருத்துவமனையில் 'என்ன ஆச்சு?' என்று கேட்டதற்கு 'பைக்குல இருந்து விழுந்துட்டாரு' என்று சொல்லியிருக்கிறார். அவர் பார்த்தது அவ்வளவுதான். விபத்துப் பதிவேட்டில், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாளில், அதுவே ஏறிவிட்டது. டெம்போ என்ற சொல்லே அதில் இல்லை. காயவழக்குகளைக் கெடுப்பதில் இந்த ஒரு வரிக்கு ஈடு வேறில்லை. 'தானே விழுந்தவர் பிறகு வண்டி எண் தேடிக்கொண்டார்' என்று காப்பீட்டுத் தரப்பு வாதிட இது ஒன்றே போதும்.

அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. பிறகு வீட்டார் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே தகடும் திருகுகளும் வைத்து அறுவைச் சிகிச்சை, 11 நாள் உள்நோயாளி, மொத்தப் பில் 1,86,400 ரூபாய். அதில் பெரும்பகுதி மனைவியின் நகையை அடகு வைத்த பணம். இந்த அடகுதான் பின்னால் பேரத்தில் மறைமுகமாகப் பேசியது.

மார்த்தாண்டத்தில் சேர்த்தபோது உடன் இருந்த மைத்துனர் ஒரு நல்ல காரியம் செய்தார். 'எதிரே வந்த டெம்போ மோதியது' என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லி, சேர்க்கைக் குறிப்பில் எழுதவைத்தார். அன்றைக்கே காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 281 மற்றும் 125(பி)-ன் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிவானது. ஏ.ஆர். காப்பியில் உள்ளதை அடித்துத் திருத்தச் சொல்லக் கூடாது. அது வேறு வம்பு. அடுத்தடுத்த ஆவணங்கள் எல்லாம் சீக்கிரமாக, ஒரே மாதிரியாக உண்மையைச் சொன்னால், முதல் தாளின் தவறு அதைச் சொன்ன ஆட்டோக்காரரின் தவறாகவே நின்றுவிடும். மூன்று வாரம் கழித்துப் புகார் கொடுத்திருந்தால் அப்படி நின்றிருக்காது.

இரண்டரை லட்சம் எங்கிருந்து வந்தது

2019 திருத்தத்துக்குப் பிறகான மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 164, யார் தவறு என்ற கேள்வி இல்லாமல், இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் என்று நிலையான தொகை வைத்திருக்கிறது. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். ஆக வந்தவர் காட்டிய தொகை அவர் கருணையிலோ கண்டுபிடிப்பிலோ வந்ததல்ல.

இதோடு இன்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பிரிவு 149, காப்பீட்டு நிறுவனம் ஓர் அதிகாரியை நியமித்து, காயம்பட்டவருக்குச் சமரசத் தொகையை முன்வைக்கலாம் என்கிறது. பிரிவு 166(1)-ல் சேர்த்த நிபந்தனை, 149-ன் வழியில் ஒருவர் 164-ன் தொகையை ஏற்றுக்கொண்டால் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அவருடைய இழப்பீட்டு மனு காலாவதியாகிவிடும் என்கிறது. தவறை நிரூபித்து முழு இழப்பீடு கேட்கும் வழி 166. தவறைக் கேட்காமல் கட்டித்தொகை வாங்கும் வழி 164. இரண்டாவது வாசலில் நுழைந்து பணத்தை வாங்கியவர் முதல் வாசலுக்குத் திரும்பி வர முடியாது.

இதனால் 164 கெட்ட பிரிவு என்று ஆகிவிடாது. வளைவில் தவறு தன் பக்கம் இருந்தது, சாட்சி கிடையாது, கேமரா கிடையாது என்றால் இரண்டரை லட்சம் நல்ல தொகை. 166-ல் போய் வெறுங்கையோடு திரும்புவதைவிட எவ்வளவோ மேல். இந்த நிகழ்வில் நிலைமை வேறு. டெம்போ வலப்பக்கம் ஏறியதற்கு டயர் தடம், உடைந்த கண்ணாடி கிடந்த இடம், பின்னால் வந்த பால் வண்டிக்காரரின் வாக்குமூலம் மூன்றும் இருந்தன. தவறு இவ்வளவு தெளிவாக இருக்கும் இடத்தில் 'தப்பைக் கேட்க மாட்டோம்' என்பது சலுகையே அல்ல.

கோப்பில் இருந்த மூன்று தாள்கள்

ஒன்று, 'முழுமையான, இறுதியான தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகத்தோடு ஆங்கிலத்தில் அச்சடித்த டிஸ்சார்ஜ் வவுச்சர். தொகை இடம் காலியாக இருந்தது. இப்படி வீட்டில் வைத்துக் கையெழுத்தான, தீர்ப்பாயத்தில் பதிவாகாத தாளுக்கு 149-ன் பலம் கிடையாது. அந்தப் பிரிவு கேட்பது தீர்ப்பாயத்தின் முன் வைக்கப்படும் தொகை, தீர்ப்பாயம் பதிவுசெய்யும் ஒப்புதல். ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அதை நீட்டி வாதம் நடக்கும். வாங்கிய பணத்தைக் கழிப்பார்கள். அந்தத் தாளுக்கு விளக்கம் சொல்வதிலேயே சில வாய்தாக்கள் போகும்.

இரண்டாவது, வாக்குமூலம். இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. 'இருட்டா இருந்துச்சு இல்லண்ணே, டெம்போ வந்ததை நீங்க கடைசியிலதான் பார்த்தீங்க?' என்று கேட்டால், 'ஆமா' என்றுதான் யாரும் சொல்வார்கள். தாளில் அது 'எதிரே வந்த வாகனத்தை நான் கவனிக்கவில்லை' என்று உட்காரும். பின்னால் அது பங்களிப்புக் கவனக்குறைவு, அதாவது விபத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பதாக ஆகி, மொத்தத் தொகையில் 20 அல்லது 25 சதவீதம் வெட்டக் காரணமாகும். காவல்துறைக்குக் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. காப்பீட்டு விசாரணையாளருக்குத் தனியாக எழுதிக் கொடுக்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதையாக 'ஸ்டேஷன்ல கொடுத்திருக்கேன், அதை வாங்கிக்கோங்க' என்றால் போதும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம்: ஓட்டுநர் உரிமம் இல்லை என்பதற்காகவே ஒருவர் விபத்துக்குப் பாதிக் காரணம் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சுதிர் குமார் ராணா வழக்கில் 2008-லேயே சொல்லிவிட்டது. 'லைசென்ஸ் புதுப்பிக்கல இல்லியா' என்று மிரட்டித் தொகையைக் குறைக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அசல் பில்களை ஒப்படைத்ததற்கான பட்டியல். அசலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம், ஒப்புகை வாங்கலாம். அசல் கைமாறினால் மருத்துவச் செலவு என்ற தலைப்பே பேரத்தில் அவர்கள் பக்கம் போய்விடும். இந்த வீட்டில் அசல் பில்கள் அடகுச் சீட்டோடு சேர்த்து நகைக்கடைப் பையில் பீரோவுக்குள் இருந்ததால், தேடி எடுக்க நேரமாகி, வந்தவர் நகலோடு கிளம்பினார். திட்டமிட்டுத் தப்பியதல்ல, தற்செயல்.

கையெழுத்து எதுவும் அன்று நடக்கவில்லை. 'மச்சினன் வந்தப்புறம் சொல்லுதோம் சார்' என்று மனைவி சொன்ன ஒரே பதிலில் அந்த நாள் முடிந்தது.

ஏன் 19-ம் நாள்?

நேரடியாகப் பேசி முடிப்பதில் நிறுவனத்துக்கு நியாயமான லாபம் உண்டு. வட்டி மிச்சம், வழக்குச் செலவு மிச்சம், கோப்பு மூடும். இதில் குற்றம் காண ஒன்றுமில்லை. சிராய்ப்பு, தையல், இரண்டு வார வேலை இழப்பு என்ற அளவில் உள்ள காயங்களுக்கு அப்படி முடிப்பதுதான் இருதரப்புக்கும் நல்லது. அதற்கு மூன்று வருடம் நீதிமன்றப் படி ஏறுவது வீண்.

எலும்பு முறிவில் நிலைமை மாறுவதற்குக் காரணம், தொகையைத் தீர்மானிக்கும் பெரிய எண் அந்த நேரத்தில் பிறந்திருக்கவே இல்லை என்பது. மூட்டு எவ்வளவு மடங்கும், தகடு எடுக்க வேண்டுமா, பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா என்பதெல்லாம் 19-ம் நாளில் மருத்துவருக்கே தெரியாது. தெரியாத ஒன்றை இப்போதே விலை பேசும்போது, அவசரம் யாருக்கு அதிகமோ அவர் குறைவாக வாங்குவார். இங்கே அவசரம் அடகு வட்டிக்கு. நகையை மீட்க இரண்டு லட்சத்துக்குக் குறையாமல் வேண்டும். கையில் நீட்டப்படுவது இரண்டரை லட்சம். எண் பொருத்தம் அப்படி.

காவல் நிலையத்திலிருந்து தீர்ப்பாயம் வரை

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் புலனாய்வு அதிகாரி படிவம் 1-ல் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, படிவம் 5. 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கை, படிவம் 7. காயம்பட்டவர் தன் வருமானம், சிகிச்சை, குடும்ப விவரங்களைப் படிவம் 6-ல் 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். விரிவான அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் நிறுவனத்தின் நியமன அதிகாரி தன் கணக்கைப் படிவம் 11-ல் வைக்க வேண்டும். உடனே பதில் சொல்ல முடியாத மனுதாரருக்குத் தீர்ப்பாயம் 30 நாள் வரை அவகாசம் தரலாம். ஏற்றுக்கொண்டால், அந்தத் தொகை நியாயமானதுதானா என்று தீர்ப்பாயம் பார்த்துப் பதிவுசெய்யும். பதிவு கிடைத்த 30 நாளுக்குள் பணம் வர வேண்டும். இந்த நடைமுறையை நாடு முழுக்கக் கடைப்பிடிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உத்தரவிட்டது.

தாளில் இது ஒழுங்காக ஓடும் ரயில். நடப்பில் நிலையத்துக்கு நிலையம் தாமதம். காவல் நிலையத்தில் ஆள் பற்றாக்குறை, வாகன ஆய்வாளர் அறிக்கை வரத் தாமதம், உரிமையாளர் ஆர்.சி. நகல் தராமல் இழுப்பது என்று 90 நாள் 150 நாளாகும். படிவம் 6 என்று ஒன்று இருப்பதே காயம்பட்ட பலருக்குத் தெரியாது. அந்தப் படிவத்தில் வருமானப் பத்தி காலியாகப் போனால் நிறுவனம் தன் கணக்கில் தனக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளும்.

காவல்துறை அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. பிரிவு 166(3) விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுவைக் கேட்கிறது. அந்த வரம்பை எதிர்த்த மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. காலம் கடந்தது என்ற காரணத்தால் மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் இடைக்கால உத்தரவு குடை மாதிரி. மழைக்குள் வேண்டுமென்றே இறங்குவதற்கு அல்ல. இந்த நிகழ்வில் மூன்றாம் மாத இறுதியிலேயே மனு தாக்கலானது. காயம் ஆறாத நிலையில் எப்படித் தொகை எழுதுவது என்ற தயக்கம் தேவையில்லை. கேட்டதைவிட அதிகமாகவும் தீர்ப்பாயம் தரலாம் என்பது நாகப்பா வழக்கில் (2003) தீர்ந்துபோன விஷயம். அதோடு பிரிவு 171-ன்படி வட்டி மனு தாக்கலான நாளுக்கு முன்பிருந்து கிடைக்காது. சீக்கிரம் மனு போடு, நிதானமாகச் சமரசம் பேசு. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் எல்லை மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. விபத்து நடந்த இடம் மட்டுமல்ல, காயம்பட்டவர் குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலையில் அடிபட்டவர் நெய்யாற்றின்கரைக்கு அலைய வேண்டியதில்லை, குழித்துறையிலேயே போடலாம்.

30 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா

பத்தாம் மாதம் எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. இயன்முறைப் பயிற்சி முடிந்தது. முழங்கால் 95 பாகைக்கு மேல் மடங்கவில்லை. மருத்துவக் குழுவின் சான்று: வலது காலில் 30 சதவீத நிரந்தர இயலாமை.

இந்த 30-ஐ வைத்து இருதரப்பும் தவறு செய்வது வழக்கம். மனுதாரர் தரப்பு '30 சதவீத வருமானம் போச்சு' என்று எழுதும். நிறுவனத் தரப்பு 'அது காலுக்கு மட்டும்தான், உடம்பு முழுக்கப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு, 10 சதவீதம்' என்று வெட்டும். ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டுமல்ல. உறுப்பின் இயலாமை வேறு, அதனால் சம்பாதிக்கும் திறனில் விழும் இழப்பு வேறு. இந்த மனிதர் முன்பு என்ன வேலை செய்தார், அதில் எதை இனிச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, வேறு வேலை பார்த்துப் பிழைக்க முடியுமா என்று வரிசையாகப் பார்த்துத் தீர்ப்பாயம்தான் அந்தச் சதவீதத்தை நிர்ணயிக்க வேண்டும். மருத்துவர் காலை அளந்து தருவார். தொழிலை அளப்பது நீதிபதி. ஆனால் அளக்கத் தேவையான தகவலை யாராவது கொடுக்க வேண்டுமே.

இங்கேதான் பெரும்பாலான கோப்புகள் மெலிந்துபோகின்றன. 'மனுதாரர் கூலித் தொழிலாளி' என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். பால்வெட்டு என்ன வேலை என்று நாகர்கோவிலில் வளர்ந்த ஒருவருக்கே சரியாகத் தெரியாது. ஒட்டுமரத்தில் முதல் வெட்டு ஏறத்தாழ 125 செ.மீ. உயரத்தில் தொடங்கி, ஆண்டுகள் போகப்போகப் பட்டையில் கீழே இறங்கிக்கொண்டே வரும். மேலே இருக்கும் வரை நின்று வெட்டலாம். அடிமரத்துக்கு இறங்கிவிட்டால் குனிந்தோ குந்தியோதான் வெட்ட வேண்டும். ஒரு காலைக்கு 350 மரம் என்றால் 350 தடவை. அதுவும் சமதரையில் அல்ல. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்கள் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தட்டுகள். பனியிலும் ஈரத்திலும் வழுக்கும். வெட்டி முடித்து, பால் ஓட்டம் நின்ற பிறகு அதே மரங்களுக்குத் திரும்பப் போய்ச் சிரட்டையிலிருந்து பாலை வாளியில் சேர்த்து, கனத்த வாளியோடு சரிவில் இறங்க வேண்டும். 95 பாகையில் நிற்கும் முழங்காலுக்கு இதில் எது முடியும்?

இந்த நிகழ்வில் அது கோப்பில் ஏறியது. தோட்ட உரிமையாளர் சாட்சியாக வந்து, எந்தத் தட்டில் எத்தனை மரம், அதில் அடிவெட்டு எத்தனை என்று தன் குறிப்பேட்டிலிருந்து சொன்னார். அறுவைச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் கேட்ட கேள்வியும் 'எத்தனை சதவீதம்?' என்பதாக இல்லை. 'இவர் குந்தி எழ முடியுமா? சரிவில் 15 கிலோ தூக்கி இறங்க முடியுமா?' என்பதாக இருந்தது. முடியாது என்று பதில் பதிவானது. மேல்வெட்டு மரங்களை மட்டும் மெதுவாக வெட்டலாம் என்பதும் பதிவானது. அந்த இரண்டாவது பதில் மனுதாரருக்குப் பாதகம்தான், ஆனால் உண்மை. அதனால்தான் 100 சதவீதம் என்று கேட்காமல் 25 என்று கேட்டதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

வருமானம் அடுத்த சண்டை. மரத்துக்கு 2 ரூபாய், 350 மரம், நாளுக்கு 700, மாதம் 20 நாள், 14,000. நிறுவனம் இலையுதிர் காலத்தையும் மழை நாட்களையும் கழித்தது. அது நியாயமான கழிவுதான். தையிலும் மாசியிலும் மரம் இலை கொட்டும்போது வெட்டு நிற்கும், ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் நாட்கள் போகும். ஆனால் அந்த நாட்களில் அவர் உரம் வைக்கவும் காடு வெட்டவும் போனதற்குக் குறிப்பேட்டில் வரவு இருந்தது. ஒட்டுப்பால், அதாவது பட்டையிலும் சிரட்டையிலும் உறைந்த ரப்பர், விற்ற கடைச் சீட்டுகளும் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரிய அட்டையும் சேர்ந்தன. ஒரு காகிதமும் இல்லாத தொழிலாளிக்கும் வருமானத்தை நியாயமாக ஊகித்துக் கணக்கிட வேண்டும் என்று ராமச்சந்திரப்பா (2011), சையத் சாதிக் (2014) தீர்ப்புகள் சொல்கின்றன. ஆனாலும் ஊகத்தைவிட ஒட்டுப்பால் சீட்டு வலுவானது.

கணக்கு

சர்லா வர்மா தீர்ப்பு (2009) தந்த அட்டவணையில் 36 முதல் 40 வயது வரை பெருக்கல் எண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 15. பிரணய் சேத்தி தீர்ப்பின்படி (2017) சொந்தமாகத் தொழில் செய்யும் 40 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். இது இறப்புக்கு மட்டும்தான் என்று நிறுவனங்கள் சொல்லிவந்தன. காயவழக்குக்கும் உண்டு என்று பப்பு தேவ் யாதவ் தீர்ப்பு (2020) தெளிவாக்கியது. நேரடிச் சமரசத் தாள்களில் முதலில் காணாமல் போவது இந்த 40 சதவீதம்தான்.

மாத வருமானம் 13,000 என்று வைத்தால், 40 சதவீதம் சேர்த்து 18,200. அதை 12 மாதத்தாலும் 15-ஆலும் பெருக்கினால் 32,76,000. இதில் இயலாமையின் ஒவ்வொரு சதவீதமும் 32,760 ரூபாய். மருத்துவச் சான்றின் 30-ஐப் 10 என்று குறைக்கும் ஒரு வாக்கியத்தின் மதிப்பு 6.5 லட்சத்துக்கு மேல். போக்குவரத்துச் செலவுக்கு 2,000 கூட வேண்டும் என்று மல்லுக்கட்டிவிட்டு இந்தச் சதவீதத்தை அப்படியே விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு.

மனுதாரர் தரப்புக் கணக்கு இப்படி நின்றது: வருமானத் திறன் இழப்பு 25 சதவீதத்துக்கு 8,19,000, மருத்துவப் பில் 1,86,400, தகடு எடுக்கும் சிகிச்சையும் பயிற்சியும் 60,000, எட்டு மாத வருமான இழப்பு 1,04,000, கூட இருந்து பார்த்தவருக்கு 30,000, போக்குவரத்து 15,000, சத்துணவு 15,000, வலி, வேதனை 75,000, வாழ்க்கை வசதி இழப்பு 50,000. மொத்தம் 13,54,400.

நிறுவனம் படிவம் 11-ல் வைத்தது 8,02,000. வருமானம் 12,000, இயலாமை 15 சதவீதம், ஆறு மாத வருமான இழப்பு, தகடு எடுக்கும் செலவு இல்லை. குறைவுதான். ஆனால் வீட்டுத் திண்ணையில் 2.5 லட்சம் சொன்ன அதே நிறுவனம், தீர்ப்பாயத்தின் முன் முதல் வாயிலேயே 8 லட்சம் சொல்கிறது. இடையில் மாறியது பேரத் திறமை அல்ல. மருத்துவச் சான்றும் காவல்துறை அறிக்கையும் கோப்புக்கு வந்தன, அவ்வளவுதான்.

பேச்சும் ஒப்பமும்

பதினைந்தாம் மாதம் நாகர்கோவிலில் மக்கள் நீதிமன்ற அமர்வில் உட்கார்ந்தார்கள். தேங்கியது இரண்டே இடத்தில்: சதவீதம், தகடு. வருமானம் 13,000 என்பதைக் குறிப்பேட்டைப் பார்த்ததும் நிறுவன அதிகாரி ஒத்துக்கொண்டார். மேல்வெட்டு மரங்களை வெட்டலாம் என்ற மருத்துவரின் பதிலைக் காட்டி அவர் 15-ல் நிற்க, கடைசியில் 20-ல் சந்தித்தார்கள்: 6,55,200. பில் 1,86,400, வருமான இழப்பு 1,04,000, உதவியாள் முதலியவை 60,000, தகடு 40,000, வலியும் வசதி இழப்பும் 1,00,000. கூட்டினால் 11,45,600. மனு போட்டு ஒரு வருடமாகியிருந்தது, 7.5 சதவீதத்தில் வட்டி 85,920. இரண்டும் சேர்ந்து 12,31,520. முடித்தது 11,75,000. அதாவது 56,520 ரூபாயைக் காலத்துக்கு விலையாக விட்டுக்கொடுத்தார்கள்.

இது சரியான முடிவா? இந்தக் கணக்கில், ஆம். தொடர்ந்து நடத்தினால் 13.5 லட்சமும் வட்டியும் கிடைத்திருக்கலாம். 15 சதவீதத்தில் நின்று 10 லட்சத்துக்குள் முடிந்தும் இருக்கலாம். தீர்ப்பு வந்தாலும் பிரிவு 173-ன்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு மேல்முறையீடு போக வழி உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் முடிந்ததற்கு மேல்முறையீடு இல்லை. அது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அன்றைக்கு அது அடகு வட்டி கட்டுகிறவருக்குச் சாதகமாக இருந்தது. அந்த வட்டிச் சுமையைத் தாங்கியது, இடையில் மைத்துனர் எடுத்த சீட்டுப் பணம். எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மைத்துனர் இருப்பதில்லை. இந்த ஆய்வின் பலவீனமான கண்ணி அதுதான். 15 மாதம் காத்திருக்கச் சொல்வது எளிது.

கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவமனை வாசலிலேயே 'வர்ற தொகையில இவ்வளவு பர்சன்ட்' என்று பேசும் இடைத்தரகர்கள் உண்டு. வழக்கின் முடிவைப் பொறுத்துச் சதவீதமாக வழக்கறிஞர் கட்டணம் பேசுவதைப் பார் கவுன்சில் விதிகள் தடைசெய்கின்றன. வசதியில்லாதவர்கள், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் போதும்.

கையெழுத்துப் போடுமுன் வாசித்துக் காட்டச் சொன்ன வரிகள் நான்கு. தொகையில் வட்டி சேர்ந்ததா. பணம் எந்தத் தேதிக்குள், தவறினால் என்ன வட்டி. நேராக மனுதாரரின் வங்கிக் கணக்குக்கா, எவ்வளவு வைப்புத்தொகையாக நிறுத்தப்படும். தகடு எடுக்கும் செலவு இதற்குள்ளா, வெளியிலா. கடைசிக் கேள்விக்கு 'உள்ளே' என்று பதில் வந்தது.

பணம் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது வந்தது. நகை திரும்பியது. தகடு இன்னும் காலில்தான் இருக்கிறது. அதை எடுக்க 40,000-க்கு மேல் ஆனால் மீதியை அவரேதான் போட வேண்டும்.